எண் 850: ஓர் இத்தாலிய அலமாரியும் மன்னார்க் கடலும்



மன்னார் உப்புக்குளம் நான் பிறந்து வளர்ந்த இடம். கடலை நம்பிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அப்படிப்பட்ட ஒருவன் இலக்கிய நிகழ்ச்சியொன்றில் வந்தமர்ந்து இத்தாலிய மொழி நூல்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றால், "இவருக்கும் இத்தாலிக்கும் என்ன உறவு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்கத் தொடங்கி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு விடை கிடைத்த கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் மலைநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் மாணவன். மழை விடாது பெய்யும் மாலைப் பொழுதுகளில் எங்களுக்கு நூலகமே புகலிடம். நூலகங்களில் நூல்களை எண்ணிட்டு அடுக்குவதற்கு மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட பகுப்பு முறையை உங்களிற் பலர் அறிவீர்கள். மனிதனுடைய அறிவுத்துறைகள் அனைத்தையும் பத்துப் பெரும் பிரிவுகளுக்குள் அடக்கிய முறை அது. அதன்படி இத்தாலிய மொழிக்கு எண் 450. இத்தாலிய இலக்கியத்துக்கு எண் 850. நம்முடைய தமிழ் இலக்கியத்தைத் தேடிச் சென்றால், உலகத்தின் 'ஏனைய' மொழிகளோடு சேர்த்து, 894.811 என்னும் நீண்ட எண்ணிலே அதனைக் காணலாம். ஐரோப்பாவின் நாற்காலியில் அமர்ந்து உலகத்தைப் பார்த்தவர் போட்ட கணக்கு அது.

850ஆம் எண் அலமாரி ஒரு மூலையில் இருந்தது. அதன் அருகே ஒரு சாளரமும் நல்ல வெளிச்சமும் இருந்தமையால் நான் அங்கே போய் அமர்வது வழக்கம். தாந்தே, பெத்ரார்க்கா, பொக்காச்சியோ, மாக்கியவெல்லி ஆகியோரின் நூல்கள் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும், சில இத்தாலிய மூலமாகவும் இருந்தன. நூல்களின் உள்ளட்டையில் ஒட்டியிருந்த திகதித் தாள்களைப் புரட்டிப் பார்த்தால், பல நூல்களை ஆண்டுக்கணக்காக எவரும் எடுத்துச் செல்லவில்லை என்பது தெரிந்தது. நானும் முதலில் ஒரு வேடிக்கைக்காகத்தான் தாந்தேயை எடுத்தேன்.

தாந்தேயின் பெருங்காவியத்தின் மூன்றாம் பாகம் சுவர்க்கத்தைப் பற்றியது. அதன் பத்தொன்பதாம் காண்டத்தில் கவிஞரின் மனத்தை நெடுநாள் உறுத்திய ஐயமொன்று வெளிப்படுகிறது. இந்து நதிக்கரையிலே பிறந்த ஒருவன், வாழ்நாள் முழுவதும் குற்றமின்றி வாழ்ந்து, கிறித்துவின் பெயரையே கேள்விப்படாமல் இறந்துபோனால், அவனைத் தண்டிப்பது எந்த நீதி என்பதே அந்த ஐயம். இறைவனின் தீர்ப்பை மனிதக் கண்ணால் அளக்க முடியாது என்ற விடையே அங்கு கிடைக்கிறது. அதே மூச்சில், கிறித்துவின் பெயரை வாயால் உச்சரிப்பவர்களிற் பலர், அவரை அறியாதவர்களைக் காட்டிலும் தூரத்தில் நிற்க நேரும் என்ற எச்சரிக்கையும் வருகிறது. உப்புக்குளத்தில் முஸ்லிமாகப் பிறந்து, பள்ளிமுனையின் கத்தோலிக்கப் பிள்ளைகளோடு பந்தடித்து வளர்ந்த எனக்கு, எழுநூறு ஆண்டுகளுக்கு முன் புளோரன்ஸ் நகரத்தவர் ஒருவர் என்னைப் போன்றவனுக்காகக் கவலைப்பட்டிருக்கிறார் என்பது பெரும் வியப்பாக இருந்தது.

ஆயினும் தாந்தேக்கு நம் பக்கத்து மனிதன் ஒரு கேள்வி மட்டுமே. அவன் எப்படி இருப்பான், என்ன தொழில் செய்வான், என்ன பேசுவான் என்பதெல்லாம் அந்தக் காவியத்தில் இல்லை. இதனை நூலகத்தில் பணிபுரிந்த முதியவர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, உங்கட ஊரை இந்த அலமாரியில தேடாதேங்கோ. இத்தாலிக்காரர் எழுதினதெல்லாம் 850இல இருக்குமெண்டு ஆர் சொன்னது? 915க்குப் போய்ப் பாருங்கோ" என்றார். 915 என்பது ஆசியப் பயண நூல்களுக்கு உரிய எண்.

அங்கே மார்க்கோ போலோ இருந்தார்.

தாந்தேயும் மார்க்கோ போலோவும் சமகாலத்தவர்கள். தாந்தே பிறந்தது 1265, இறந்தது 1321. வெனிஸ் வணிகரான போலோ பிறந்தது 1254; இறந்தது 1324. ஒருவர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு இத்தாலிக்குள்ளேயே அலைந்து கவிதை எழுதினார். மற்றவர் சீனம் வரை சென்று, கடல்வழியாகத் திரும்பும்போது நம் கரைகளைப் பார்த்தார். பின்னர் ஒரு போரிலே பிடிபட்டு, 1298இல் ஜெனோவா நகரச் சிறையில் இருந்தபோது, உடன் இருந்த ருஸ்திகெல்லோ என்ற பீசா நகரத்து எழுத்தாளருக்குத் தாம் கண்டவற்றைச் சொல்லி எழுதுவித்தார். இத்தாலிய வாடை வீசும் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட அந்நூல், விரைவிலேயே தொஸ்கானிய, வெனிஸ் மொழிகளிலும் இலத்தீனிலும் பெயர்க்கப்பட்டுப் பரவியது. ஏறத்தாழ 150 கையெழுத்துப் பிரதிகள் இன்றுவரை எஞ்சியிருக்கின்றன. இந்த எண்ணிக்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

அந்நூலில் நம் கடலைப் பற்றி அவர் கூறுவதன் சாரம் இது: சேலான் தீவுக்கும் மாபார் எனப்படும் பெருநிலத்துக்கும் இடையே ஒரு குடாக்கடல் உண்டு. அதன் ஆழம் பத்து, பன்னிரண்டு பாகத்துக்கு மேல் இல்லை. சில இடங்களில் இரண்டு பாகமே. ஏப்பிரல் தொடக்கத்திலிருந்து மே நடுப்பகுதி வரை முத்துக்குளிப்பு நடக்கும். வணிகர் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து, கூலிக்கு ஆள் அமர்த்தி, முதலில் 'பெத்தலார்' என்னும் இடத்துக்குப் போவர். அங்கிருந்து அறுபது மைல் கடலுக்குள் சென்று நங்கூரமிட்டு, பெரிய கலங்களிலிருந்து சிறிய தோணிகளுக்கு மாறுவர். கிடைக்கும் முத்திலே பத்தில் ஒன்று அரசனுக்கு. இருபதில் ஒன்று, குளிகாரரைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுபவருக்கு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே. இரவானதும் மந்திரக்காரர் அதனை அவிழ்த்துவிடுவர்.

பெத்தலார் என்பது புத்தளமே என்று, 1871இல் போலோவின் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஹென்றி யூல் குறித்திருந்தார். 1344இல் இலங்கைக்கு வந்த அரபுப் பயணி இப்னு பதூதாவும் 'பத்தாலா' என்னும் பட்டினத்திலேதான் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அவரும் அங்கே முத்தைக் கண்டார். இரண்டு சாட்சிகளும் ஒரே கரையைக் காட்டுகின்றன.

என்னைக் குழப்பியது வேறொன்று. அந்த நூலகத்தில் மார்ஸ்டன் என்பவர் 1818இல் செய்த மற்றொரு மொழிபெயர்ப்பும் இருந்தது. யூலின் மொழிபெயர்ப்பிலே மந்திரக்காரர் இரவில் கட்டை அவிழ்த்துவிடுகிறார் என்பதோடு செய்தி முடிகிறது. மார்ஸ்டனின் மொழிபெயர்ப்பிலோ அதற்கு ஒரு காரணம் சொல்லப்பட்டிருந்தது. இரவில் களவாகக் குளித்துச் சிப்பி எடுக்க நினைப்பவர்கள், கட்டவிழ்ந்த மீன்களுக்கு அஞ்சிக் கடலில் இறங்காதிருக்க வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார்களாம். மார்ஸ்டன் பின்பற்றியது, வெனிஸ் அறிஞரான ராமூசியோ தொகுத்து, அவர் இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 1559இல் அச்சான இத்தாலியப் பதிப்பை. அப்படியானால் இந்தக் காரணம் போலோ சொன்னதா, ராமூசியோ சேர்த்ததா? மூலத்தைப் பார்க்கலாம் என்றால் எனக்கு இத்தாலிய மொழி தெரியாது. 450ஆம் எண்ணில் இருந்த இலக்கண நூலை எடுத்து ஒரு மாதம் முயன்றேன். வினைச்சொற்களிலே சிக்கி நின்றுவிட்டேன்.

விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, இரண்டு பகுதிகளையும் தமிழாக்கி எழுதிய கொப்பியைக் கொண்டுவந்தேன். உம்மாவின் வாப்பாவை எங்கள் வழக்கில் 'அப்பா' என்று அழைப்போம். என் அப்பா சங்கு குளித்தவர். இலங்கைக் கரையின் கடைசி முத்துக்குளிப்பு 1925இல் நடந்தபோது அவர் இளைஞர், அதிலும் இறங்கியவர். அவருக்குக் கயிறு பிடித்தவர் பள்ளிமுனையைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கர். இருவரும் ஒருவரையொருவர் மச்சான் என்றே அழைத்துக்கொள்வார்கள். கீழே இருப்பவனின் உயிர் மேலே கயிறு பிடிப்பவனின் கையில் இருப்பதால், அந்தக் காலத்தில் கயிற்றைத் தங்கையின் கணவனிடந்தான் கொடுப்பார்களாம். தங்கையின் கணவன் அல்லாதவனிடம் கொடுத்தால், கொடுத்த அன்றிலிருந்து அவனும் மச்சான்தான் என்பார் அப்பா.

அஸர் தொழுகை முடிந்து, திண்ணையில் இருவரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம், கொப்பியை விரித்து வாசித்துக் காட்டினேன். மந்திரம் பற்றிய பகுதி வந்ததும் பள்ளிமுனைப் பெரியவர் தலையசைத்தார். "கடல்கட்டி எண்டு சொல்லுவம். எங்கட காலத்திலயும் அரிப்புக் கரையில நிண்டு மந்திரம் சொல்ல ஆள் இருந்தது. அவர் இல்லாட்டிச் சனம் இறங்காது" என்றார்.

நான் என் ஐயத்தைச் சொன்னேன். இரவில் ஏன் கட்டை அவிழ்க்க வேண்டும்?

அப்பா சற்றும் யோசிக்கவில்லை. "அது மந்திரமில்ல மகன், காவல். இருபது மைலுக்குப் பரந்து கிடக்கிற பாரை ராவையில ஆர் காக்கிறது? ராசாட சேவகனா? சுறாவைக் காவலுக்கு விட்டாச்செண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப் போட்டால் ஒரு கள்ளனும் கால் நனைக்கமாட்டான். பகலில தைரியம் குடுக்கவும் ராவில பயம் காட்டவும் ஒரே ஆள் போதும். அதுக்குத்தான் இருபதில ஒண்டு."

பல்கலைக்கழகத்தில் ஒரு மாதம் நான் தடுமாறிய கேள்விக்கு உப்புக்குளத்துத் திண்ணையில் ஒரு நிமிடத்தில் விடை கிடைத்தது. அந்த வரியைப் போலோ சொன்னாரோ, ராமூசியோ சேர்த்தாரோ, எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது. ஆனால் கடற்கரையின் நடைமுறையை அறிந்த ஒருவரிடமிருந்துதான் அது வந்திருக்க முடியும் என்பது அன்று விளங்கியது.

அடுத்த விடுமுறைக்கு இன்னோர் இத்தாலியரைக் கொண்டுவந்தேன். சேசரே பெதெரிச்சி என்னும் வெனிஸ் வணிகர் 1563 தொடக்கம் 1581 வரை கீழைநாடுகளிற் சுற்றியவர். அவருடைய பயணநூல் 1587இல் வெனிசில் அச்சாயிற்று. மறு ஆண்டே ஆங்கிலத்தில் வந்துவிட்டது. போலோவைப் போலக் கேட்டதையும் கண்டதையும் கலந்து சொல்பவர் அல்லர் இவர். தோணியின் அருகே நின்று பார்த்தவர். 1560இல் மன்னாரில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதற்குப் பிந்திய காலத்து நம் கடலை அவர் எழுதியிருக்கிறார்.

குமரிமுனையிலிருந்து இறங்கும் கரைக்கும் இலங்கைக்கும் இடையே ஆண்டுதோறும் மார்ச் அல்லது ஏப்பிரலில் தொடங்கி ஐம்பது நாட்கள் குளிப்பு நடக்கும் என்கிறார். சிப்பி மிகுந்த இடத்தை முதலில் நல்ல குளிகாரரை அனுப்பிப் பார்ப்பார்களாம். பின்பு அதற்கு நேரே கரையில் வீடுகளும் கடைத்தெருவுமாக ஒரு கிராமம் எழும். குளிப்பு முடிந்ததும் அந்தக் கிராமமும் போய்விடும். குளிப்பவர்கள் நாட்டுக் கிறித்தவர்கள். போர்த்துக்கல் அரசனுக்கும் பாதிரிமாரின் கோவில்களுக்கும் அவர்கள் வரி கட்ட வேண்டும். கடற்கொள்ளையரைத் தடுக்க ஆயுதம் தாங்கிய மூன்று நான்கு கலங்கள் காவல் நிற்கும். குளிப்பவன் மூக்கையும் காதையும் அடைத்து, எண்ணெய் பூசி, கூடையைக் கழுத்திலோ இடது கையிடுக்கிலோ மாட்டிக்கொண்டு, கல் கட்டிய கயிற்றைப் பிடித்து இறங்குவான். கூடை நிரம்பியதும் கயிற்றை அசைப்பான். மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள்.

இதுவரை இரு முதியவர்களும் 'ஓம், ஓம்' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தோணிகள் பதினைந்து, பதினெட்டுப் பாகம் ஆழத்தில் நங்கூரமிடும் என்று வாசித்தபோதுதான் அப்பா கையை உயர்த்தினார்.

"பதினெட்டுப் பாகமா? முத்துப் பார் ஏழு, எட்டுப் பாகம் இருக்கும். மிஞ்சினால் பத்து. அந்த வெள்ளைக்காரர் தோணிக்கு மேல நிண்டுதான் பார்த்திருக்கிறார், மகன். தண்ணிக்குள்ள இறங்கிப் பார்க்கயில்ல."

பள்ளிமுனைப் பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் என்னுள் தங்கிவிட்டது. நம் கடலைப் பற்றி ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்டவை பெரும்பாலும் தோணிக்கு மேல் நின்றவர்கள் எழுதியவை. தண்ணீருக்குள் இறங்கியவர்கள் எழுதவில்லை.

பெதெரிச்சியின் நூலில் இன்னொரு செய்தியும் உண்டு. முத்துகளைத் தரம் பிரித்து விலை மதிப்பதற்கென்று ஒரு கூட்டத்தார் இருந்தனராம். அவர்களுடைய பெயரைச் 'சிதினி' என்று எழுதுகிறார். நம் செட்டிமாரைத்தான் சொல்கிறார் என்பதில் ஐயமில்லை. நன்கு உருண்ட முதல் தர முத்து போர்த்துக்கல்லுக்கு, உருளாத இரண்டாம் தரம் வங்காளத்துக்கு, மூன்றாவது கன்னட நாட்டுக்கு, நான்காவது கம்பாயத்துக்கு. எங்கு யார் வாங்குவார்கள் என்பதைக் கொண்டே தரத்துக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மன்னார்க் கரையில் ஒரு சிப்பி திறக்கப்பட்டபோது அதன் விலை நான்கு தேசத்துச் சந்தைகளால் நிர்ணயிக்கப்பட்டது என்பதை, ஓர் இத்தாலிய வணிகரின் கணக்குப் பார்க்கும் கண்ணே நமக்குக் காட்டுகிறது.

நேயர்களே, இதற்குப் பிறகு நான் நூலகத்தில் இத்தாலியரைத் தேடும் முறை மாறியது. 850ஐ விட்டு எண் எண்ணாக அலைந்தேன். உரோமையில் 1577இல் பிறந்து, 1606இல் மதுரைக்கு வந்து, முதுமையில் சிறிதுகாலம் யாழ்ப்பாணத்திலும் வாழ்ந்து, 1656இல் மயிலாப்பூரில் மறைந்த ரொபேர்ட் தெ நொபிலியைச் சமயப் பிரிவாகிய 200களில் கண்டேன். தமிழ் உரைநடையில் நூல்கள் செய்த அவரை இலக்கியத்துக்குள் எவரும் வைக்கவில்லை. காஸ்திலியோனே என்னும் இத்தாலிய ஊரில் 1680இல் பிறந்த கொஸ்தான்சோ பெஸ்கி, நம்முடைய 894.811இலேயே வீற்றிருந்தார். ஆம், தேம்பாவணியும் சதுரகராதியும் தந்த வீரமாமுனிவர்தான். ஏகார ஓகாரங்களுக்கு இன்று நாம் எழுதும் வேறுபாட்டை நிலைநிறுத்தியவர் ஓர் இத்தாலியர் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தும், அவரை இத்தாலியராக நான் ஒருபோதும் நினைத்ததில்லை. இத்தாலிய அகராதியைத் திறந்தால் அங்கே 'கத்தமரானோ' என்று நம் கட்டுமரம் மிதக்கிறது.

ஆக, ஒரு பல்கலைக்கழகத்தின் இத்தாலியத் தொகுதி என்பது 450, 850 என்ற இரண்டு அலமாரிகள் மட்டுமல்ல. அது நூலகம் முழுவதும் சிதறிக் கிடக்கிறது. அதன் ஒரு துண்டு பயணத்தில், ஒரு துண்டு சமயத்தில், ஒரு துண்டு நம் சொந்தத் தமிழில். துண்டுகளை ஒன்றுசேர்க்க வேண்டுமானால் இத்தாலிய மொழியும் தமிழும் தெரிந்த வாசகர் ஒருவர் வேண்டும். அப்படியொருவர் நம்மிடையே இருந்தார் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

1913இல் ஊர்காவற்றுறைக்கு அருகே கரம்பொனில் பிறந்த சேவியர் தனிநாயகம் அடிகள் 1934இல் குருத்துவக் கல்விக்காக உரோமைக்குச் சென்றார். அங்கே ஐந்து ஆண்டுகள் பயின்று, இத்தாலியம் உட்பட ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றார். பின்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தார். ஐரோப்பிய நூலகங்களுக்குச் சென்றபோதெல்லாம் அவர் தேடியது ஒன்றே: அங்கே உறங்கும் தமிழ் நூல்கள். அந்தாவோ தெ புரொயென்சா என்னும் போர்த்துக்கேயக் குரு தொகுத்து, அவர் இறந்த பின் 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் பிரதியொன்று வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதனைக் கொண்டு 1966இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக நிழற்படப் பதிப்பாக அவர் வெளியிட்டார். பதினேழாம் நூற்றாண்டில் நம் மக்கள் வாயில் வழங்கிய சொற்கள், 287 ஆண்டுகள் கழித்துக் கோலாலம்பூர் வழியாக நம் கைக்கு வந்து சேர்ந்தன.

அவை ஏன் அத்தனை ஆண்டுகள் காத்திருந்தன? நூல் அழிந்ததனால் அல்ல. அது பத்திரமாகத்தான் இருந்தது. அதனைத் தேடிவர ஒரு வாசகர் இல்லாமல் இருந்தார். ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரைச் சேர்த்துவைப்பது நூலகத்தின் கடமை என்று, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீர்காழி ரங்கநாதன் 1931இலேயே விதியாக எழுதிவைத்தார். வத்திக்கானில் இருந்த அகராதிக்கு உரிய வாசகர் கரம்பொனில் பிறக்கவேண்டியிருந்தது.

இனி என் கொப்பியின் கதைக்கு வருகிறேன்.

அந்தத் திண்ணைப் பேச்சுகளின்போது அப்பாவும் பள்ளிமுனைப் பெரியவரும் சொன்னவற்றை நான் எழுதி வைத்தேன். பார்களின் பெயர்கள், சிப்பி முற்றியதை அறியும் அடையாளங்கள், எந்தக் காற்றில் கடல் தெளியும், எந்தக் காற்றில் கலங்கும், குளிகாரன் காதில் இரத்தம் வந்தால் செய்யும் கைவைத்தியம், கயிற்றை எத்தனை முறை அசைத்தால் என்ன பொருள் என்றெல்லாம் இரண்டு கொப்பிகள் நிறைய இருந்தன. தோணிக்கு மேல் நின்றவர் எழுதியதற்குப் பக்கத்தில், தண்ணீருக்குள் இறங்கியவர் சொன்னதை வைத்து ஒரு நூல் எழுத வேண்டும் என்பது என் ஆசை. இரு முதியவர்களும் ஓராண்டு இடைவெளியில் காலமானார்கள். நான் ஆசிரியத் தொழிலுக்குப் போனேன். நூல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

1981 ஜூன் தொடக்கத்தில் ஒரு நாள் விடியும்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து கிடந்தது. தொண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. அன்று நானும் அழுதேன். ஆனால் நேயர்களே, அன்றிரவே உட்கார்ந்து என் இரண்டு கொப்பிகளையும் ஒரு பிரதி எடுத்து வைக்க வேண்டும் என்ற புத்தி எனக்கு வரவில்லை.

1990 ஒக்டோபரில், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் போல நாங்களும் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டோம். கையில் எடுக்கக்கூடியது மிகக் கொஞ்சம். உம்மாவைக் கைபிடித்து அழைத்துவந்தேன். கொப்பிகள் இருந்த தகரப் பெட்டி வீட்டிலேயே நின்றது. மன்னார்த் தீவிலிருந்து தோணியேறி, தெற்கே கற்பிட்டிக் கரைக்கு வந்து, அங்கிருந்து புத்தளத்துக்குப் போனோம். கடலில் போகும்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. முகாமின் ஓலைக் கொட்டிலில் சில வாரங்கள் கழிந்த பின்னர்தான் ஓரிரவு நினைவுக்கு வந்தது: போலோ சொன்ன பெத்தலார் இதுதான். முத்து வணிகர்கள் மன்னார்க் கடலுக்குப் போகப் புறப்பட்ட துறை இது. எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, நான் அதே வழியில் எதிர்த்திசையாக, மன்னாரிலிருந்து வெறுங்கையோடு வந்திருந்தேன்.

போர் முடிந்த பின் உப்புக்குளத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். வீட்டின் இரண்டு சுவர்கள் நின்றன. பெட்டி இல்லை.

சிறையில் இருந்து சொல்லப்பட்ட போலோவின் நூலுக்கு ஏறத்தாழ 150 கையெழுத்துப் பிரதிகள் எஞ்சியிருக்கின்றன என்றேன் அல்லவா? சில தீயில் போயிருக்கும், சில நீரில் போயிருக்கும். இருந்தும் நூல் பிழைத்தது. என் அப்பாவின் சொல்லுக்கு இருந்தது ஒரே பிரதி. வெனிஸ்காரர் அறிவில் உயர்ந்தவர் என்பதால் அவருடைய சொல் நிலைக்கவில்லை. அவருடைய சொல்லை எடுத்தெழுத ஆட்கள் இருந்தார்கள். வைத்துக்காக்க நூலகங்கள் இருந்தன. அப்பாவின் சொல்லை எடுத்தெழுத வேண்டியவன் நான். இன்று இந்த ஒலிவாங்கியின் முன் நான் சொன்னவை, நினைவிலிருந்து மீட்ட சில துளிகள். பார்களின் பெயர்களில் பாதிக்கு மேல் எனக்கு மறந்துவிட்டது.

ஆனால் இந்தக் கதை இழப்போடு முடியவில்லை. எண்பதுகளிலிருந்து நம் மக்களிற் பலர் இத்தாலிக்குப் போனார்கள். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் ஈழத் தமிழர் கணிசமாக வாழ்கிறார்கள். அங்குள்ள பெல்லெகிரினோ மலையில் இருக்கும் புனித ரொசாலியாவின் தலத்துக்குச் சைவரும் கத்தோலிக்கரும் சேர்ந்தே ஏறிப்போவது அந்நகரத்தார் எல்லோரும் அறிந்த காட்சி. அங்கே பிறந்த பிள்ளைகள் இத்தாலியப் பள்ளியில் தாந்தேயை மூலத்திலேயே படிக்கிறார்கள். நான் ஒரு மாதத்தில் கைவிட்ட வினைச்சொற்கள் அவர்களுக்கு விளையாட்டு.

பள்ளிமுனைப் பெரியவரின் பூட்டப்பிள்ளை ஒருத்தி அங்கே பல்கலைக்கழக மாணவி. சென்ற ஆண்டு தொலைபேசியில் என்னோடு பேசினாள். பெதெரிச்சியின் இத்தாலிய மூலத்தைத் தன் பல்கலைக்கழக நூலகத்தின் வழியாகத் தேடி எடுத்திருந்தாள். முத்துக்குளிப்புப் பகுதியை எனக்கு வாசித்துக் காட்டினாள். நானூறு ஆண்டுப் பழைய இத்தாலியத்தை, பள்ளிமுனைத் தமிழின் வாடை மாறாத குரலில் கேட்டேன். விலை மதிப்பவர்களின் பெயர் வந்ததும் அவள் 'கித்தினி' என்று வாசித்துவிட்டு நின்றாள். "மாமா, இது இத்தாலிச் சொல்லு மாதிரித் தெரியேல்லையே, என்ன இது?" என்றாள்.

'ச' ஒலிக்குப் போர்த்துக்கேயர் எழுதும் எழுத்தை இத்தாலியர் 'க' என்று வாசிப்பார்கள். அதனால் செட்டி அங்கே கித்தியாகிவிட்டார். போர்த்துக்கேயர் வழியாக அந்தப் பெயரைக் கேட்டிருக்கக்கூடிய வெனிஸ்காரர் எழுதிய சொல்லுக்கு நேர்ந்த கதி அது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஆங்கில மொழிபெயர்ப்பில் நான் காணாத அந்தச் சிறு புதிரை, மூலத்தை வாய்விட்டு வாசித்த ஒரு தமிழ்ப் பிள்ளையின் நாக்கு காட்டித் தந்தது.

"அது நம்மட சொல்லு, பிள்ளை. செட்டியார்" என்றேன். மறுபக்கம் ஒரு கணம் மௌனம். பிறகு அவளுடைய பூட்டன் அன்று திண்ணையில் சிரித்த அதே சிரிப்பு.

பதினெட்டுப் பாகம் பற்றியும், தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்காத வெள்ளைக்காரர் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். மந்திரமல்ல, காவல் என்று அப்பா சொன்னதையும் சொன்னேன். "மெல்லச் சொல்லுங்கோ மாமா, நான் எழுதிறன்" என்றாள். அந்தப் பகுதிகளை இத்தாலியத்திலிருந்து நேரே தமிழாக்கி, ஒவ்வொன்றின் கீழும் குளிகாரர் சொன்னதையும் சேர்க்க இருவரும் இப்போது முயன்றுகொண்டிருக்கிறோம். முடிந்ததும் பிரதிகளை மன்னாருக்கும் புத்தளத்துக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பலெர்மோவுக்கும் அனுப்ப எண்ணம்.

நூலகர்கள் அதற்கு என்ன எண் இடுவார்களோ தெரியாது. 850 என்று இட்டாலும் சரி, 894.811 என்று இட்டாலும் சரி. உங்கள் வீட்டிலும் கடலையோ வயலையோ தறியையோ அறிந்த ஒரு முதியவர் இருந்தால், அவர் சொல்வதை எழுதுங்கள். எழுதியதற்கு அன்றிரவே ஒரு பிரதி எடுங்கள்.